இரண்டு பேருக்குக் கட்டிய சாப்பாடு

செய்தி வந்தபோது காலை ஐந்தே முக்கால். ஓட்டுநர் பணிமனை வாசலில் ஒரு ஸ்டூல் மேல் ஏறி நின்று, பேருந்தின் முன்கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக்கொண்டிருந்தான். சட்டைப் பையில் போன் அடித்தது. அவன் வண்டியில் வரும் சுற்றுலா வழிகாட்டியின் எண்; அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான். அந்த நேரத்துக்கு அவள் கூப்பிட்டால் மலையில் மழை வருமா என்று கேட்பாள், இல்லையென்றால் மைக் வேலை செய்கிறதா என்று கேட்பாள்.

"சொல்லுங்கக்கா, மைக்கெல்லாம் பார்த்தாச்சு" என்றான்.

பேசியது அக்காவின் தங்கை. அவளைச் சின்னக்கா என்று கூப்பிடுவான். நேரில் பார்த்தது நாலைந்து முறைதான் இருக்கும்.

"தம்பி, அக்கா எழுந்திரிக்கல. எழுப்பப் போனேன், கையெல்லாம் ஜில்லுனு இருந்துச்சு. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துட்டுப் போயிட்டார். தூக்கத்துலயே முடிஞ்சிருச்சாம்."

அவன் ஸ்டூலிலிருந்து இறங்கினான். இறங்கி என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி ஏறி, கண்ணாடியில் பாக்கியிருந்த மூலையைத் துடைத்தான்.

"தம்பி, இருக்கியா?"

"இருக்கேன் சின்னக்கா."

"ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காதே. அவ தினமும் ரெண்டு பேருக்குச் சாப்பாடு கட்டிட்டுப் போவாளே, அது உனக்குத்தானே?"

"எனக்கா? எனக்கு வீட்டுலயே கட்டிக் கொடுத்துடுவாங்களே."



"அடப்பாவி, நான் இத்தனை வருஷமா உனக்குன்னுதான் நெனச்சேன். கல்யாணமான ஆளுக்கு இவ எதுக்கு விடியக்காலையில எழுந்து பொங்கிப் போடுறான்னு உன்னை மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா?" அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி பேசினாள். "அப்போ மேல மலையூர்ல யாரோ இருக்காங்க. போன்ல தேடிப் பார்த்துட்டேன், அந்த ஊர் நம்பர் ஒண்ணுகூட இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுக்கறோம். நீ இன்னைக்கு மேல போவேல்ல? அது யாருன்னு கண்டுபிடிச்சுக் கூட்டிட்டு வா. ஆம்பளையா, பொம்பளையா, என்ன உறவு, எதுவும் கேக்க மாட்டேன். அவ முகத்தை அவங்களும் ஒரு தடவை பார்க்கட்டும்."

சரி என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சரி என்று உறைத்தது. அந்த மலையூருக்கு அவன் பதினோரு வருடமாக வண்டி ஓட்டுகிறான். ஊருக்குள் ஒரு தடவைகூடப் போனதில்லை.

யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள், ஆனால் அதுதான் நிஜம். அந்தப் பழைய ஊரின் தெருக்களில் கைவண்டி போவதே கஷ்டம். பேருந்துகள் ஊர்வாசலுக்குக் கீழே ஒரு சரிவான மைதானத்தில் நிற்க வேண்டும். பின்னால் வரும் வண்டிக்கு இடம் விட முன்னால் நிற்பதை நகர்த்திக்கொண்டே இருப்பார்கள் என்பதால் ஓட்டுநர் இடத்தை விட்டுப் போகக்கூடாது. அக்கா சிவப்புக் குடையை விரித்துப் பிடித்தபடி கூட்டத்தை அழைத்துக்கொண்டு மேலே போவாள். அவன் கீழே சக ஓட்டுநர்களோடு சீட்டாடுவான், தூங்குவான், டயரைத் தட்டிப் பார்ப்பான். மூன்று மணிக்குச் சிவப்புக் குடை இறங்கி வருவது தெரிந்ததும் இன்ஜினைப் போடுவான்.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. அக்கா தன் கதைகளையெல்லாம் பேருந்தில் ஏறும்போதே ஆரம்பித்துவிடுவாள், ஆனால் எதையும் முடிக்கமாட்டாள். "இந்த ஊர்ல ஒரு கதவு இருக்கு. தரையிலேர்ந்து மூணு ஆள் உயரத்துல, வெறும் சுவத்துல. படி கிடையாது. ஆனா குளிர்காலத்துல அந்தக் கதவை யாரோ தட்டுவாங்க. யாருன்னு மேல போய்ச் சொல்றேன்" என்று மைக்கில் சொல்லி நிறுத்திவிடுவாள். அப்படிப் பேருந்தில் ஏழு கதைகள் தொடங்கும், ஏழும் மேலே போய்த்தான் முடியும். மைக்குக்கு முதல் ஆளாக உட்கார்ந்திருந்த ஓட்டுநர் பதினோரு வருடமாகத் தொடக்கங்களை மட்டும் கேட்டிருக்கிறான். கதவைத் தட்டுவது யாரென்று கேட்டால், "வண்டியைப் பூட்டிட்டு ஒருநாள் வாடா தம்பி, காதுல மட்டும் கேட்டுட்டுப் போகலாம்னு பார்க்கறியா?" என்பாள். அவனும் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டான்.

அவள் வழிகாட்டியானதே ஒரு விபத்துதான். ஒரு கப்பல் ஏஜெண்டின் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். அலுவலகம் மூடப்பட்டது. கடைசி நாளன்று கூட வேலை பார்த்தவர்கள் எல்லோரும் சேர்ந்து இதே மலையூருக்கு ஒருநாள் சுற்றுலா வந்தார்கள். அன்றைய வழிகாட்டிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அவர் காதில் சொல்லச் சொல்ல, இவள் கூட்டத்துக்கு உரக்கச் சொன்னாள். பாதி வழியில் அவர் சொல்வதை நிறுத்திவிட்டார், இவள் நிறுத்தவில்லை. மறுநாள் அந்தச் சுற்றுலா அலுவலகத்துக்கே போய் வேலை கேட்டாள். அப்போது அவளுக்கு வயது முப்பது. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் கல்யாணம் தள்ளிப்போனது. அப்பா போன பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. தங்கை வீட்டு மாடியறையில் இருந்தாள். ஒரு கட்டில், ஒரு தையல் மிஷின், மூன்று ஜோடி நடைச் செருப்பு. அவளைப் பற்றி ஓட்டுநருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எல்லாம் தெரியும் என்றுதான் அன்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தான்.

மேலாளர் போனில் பதறினார். "வேற கைடு இப்போ கிடைக்க மாட்டாங்க. ட்ரிப்பை ரத்து பண்ணிடட்டா?"

"வேணாம் சார். நானே பார்த்துக்கறேன்."

"நீ எப்படிய்யா? உனக்கு அந்த ஊர்ல என்ன தெரியும்?"

"எல்லாத்தோட ஆரம்பமும் தெரியும் சார்."

ஏழு மணிக்குப் பயணிகள் ஏறினார்கள். முதல் இருக்கையில் நீலச் சால்வை போர்த்திய ஒரு அம்மா, பக்கத்தில் கழுத்தில் கேமராவோடு அவர் கணவர். வழிகாட்டிக்கு உடம்பு சரியில்லை, இன்று நான்தான் என்று ஓட்டுநர் சொன்னான். சிலர் முணுமுணுத்தார்கள். செத்துவிட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. மலை பார்க்க நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்தவர்களிடம் அதை எப்படிச் சொல்வது?

மலையேறும்போது கதவுக் கதையைச் சொன்னான். அக்காவின் குரல் ஏறி இறங்கும் இடங்களில் அவன் குரலும் தானாக ஏறி இறங்கியது.

"அப்புறம்?" என்றார் நீலச் சால்வை அம்மா.

"அப்புறம் எனக்கும் தெரியாதும்மா. வாங்க, பார்க்கலாம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

கீழ் மைதானத்தில் இன்னொரு பேருந்தின் ஓட்டுநரிடம் சாவியைக் கொடுத்தான். "நகர்த்தச் சொன்னா நகர்த்து. இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், தட்டிக் கொடு." இருக்கைக்குப் பின்னால் செருகியிருந்த சிவப்புக் குடையை எடுத்து விரித்தான். கைப்பிடியில் அவள் சுற்றியிருந்த துணி நாடா அழுக்கேறி வழவழவென்று இருந்தது. ஒரு நிமிடம் நின்றான். பிறகு தூக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்வாசலுக்குள் நுழைந்தான்.

நுழைந்ததும் முதலில் தெரிந்தது குளிர்தான். வெயில் தெருவின் ஒரு ஓரத்தில் மட்டும் கயிறு போல விழுந்திருந்தது. இரண்டு பக்கமும் கல் வீடுகள், மேலே ஜன்னலுக்கு ஜன்னல் கட்டிய கொடியில் சட்டைகள் சொட்டிக்கொண்டிருந்தன. சோப்பு வாசனையும் விறகுப் புகை வாசனையும் கலந்து வந்தது. படிகளின் நடுப்பகுதி கால்பட்டுத் தேய்ந்து குழிந்திருந்தது. அந்தக் குழிவில் பாதி அக்கா தேய்த்ததாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. இதையெல்லாம் இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டா நான் கீழே சீட்டாடினேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

வழி கண்டுபிடிப்பது நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. எந்தத் திருப்பத்தில் எந்தக் கதை தொடங்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். வளைந்த கிணறு தெரிந்தால் இடது பக்கம் திரும்ப வேண்டும். ஆனால் தேடி வந்த ஆளைப் பற்றி மட்டும் ஒரு துப்பும் கிடைக்கவில்லை.

ஒரு பெண் வாசற்படியைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிவப்புக் குடையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதற்குக் கீழே இருந்தவனைப் பார்த்ததும் சுண்டிப்போனது.

"அம்மா, இந்தக் குடையைப் பிடிச்சிட்டு வருவாங்களே, அவங்க மத்தியானம் எங்க சாப்பிடுவாங்க?"

அவள் குடையை ஏறிட்டுப் பார்த்தாள். "கிணறு அந்தப் பக்கம். தண்ணியில காசு போடக்கூடாது" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

செருப்புத் தைக்கிறவரிடம் கேட்டான். அவரும் குடையைத்தான் பார்த்தார். "போட்டோ எடுக்கணும்னா எடுத்துக்கோங்க. ஃப்ளாஷ் வேணாம்."

பூட்டுக் கடைக்காரர் இருநூறு வருடப் பழைய சாவி ஒன்றை எடுத்து நீட்டி, தொட்டுப் பாருங்கள் என்றார். யாரும் முரட்டுத்தனமாகப் பேசவில்லை, எல்லோரும் சிரித்த முகம்தான். ஆனால் கேள்வி காதிலேயே விழாதது போலப் பதில் வந்தது. ஊரே பேசி வைத்துக்கொண்டு ஒன்றை மறைக்கிறதோ என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது. விட்டுவிடக் கூடாது என்று குடையை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தான்.

அப்படித்தான் கதவுக்கு வந்து சேர்ந்தார்கள். அக்கா சொன்னது போலவே வெறும் சுவரில், மூன்று ஆள் உயரத்தில், நீலப் பெயிண்ட் உரிந்து ஒரு கதவு. அதற்குக் கீழே இன்னொரு சின்னக் கூட்டம் நின்றது. அந்தக் கூட்டத்தின் முன்னால் பழுப்புத் தொப்பி வைத்த ஒருவர். வயது அறுபதை ஒட்டி, ஒல்லி, நீண்ட கைகள்.

இவரை ஓட்டுநர் பார்த்ததில்லை, ஆனால் நன்றாகத் தெரியும். உள்ளூர் வழிகாட்டி. திரும்பிப் போகும் வழியெல்லாம் அக்காவின் வாயில் விழுந்து எழுகிற ஆள். "அந்தத் தொப்பிக்குள்ள தலையே கிடையாது தம்பி. இன்னைக்கும் என்னை நடுத்தெருவுல நிக்க வெச்சு, பொய் சொல்றேன்னு சொல்றான்."

"ஓஹோ!" என்றார் தொப்பிக்காரர், தெருவே கேட்கும்படி. "இன்னைக்குச் சிவப்புக் குடைக்கு மீசை முளைச்சிருக்கு!"

இரண்டு கூட்டமும் சிரித்தது.

"மகாராணி எங்க? படியேற முடியலையா? பல்லக்கு கேட்டாங்களா?"

ஓட்டுநருக்குக் காது சூடானது. உண்மையைச் சொன்னால் இந்த ஆள் அதையும் ஒரு வேடிக்கையாக்கிக் கூட்டத்துக்குக் கொடுத்துவிடுவான். அக்காவின் சாவு இவன் வாயில் அவலாகக் கூடாது.

"காய்ச்சல்" என்றான்.

அடுத்த கிண்டலுக்கு வாயைத் திறந்த தொப்பிக்காரர் மூடிக்கொண்டார். தொப்பியைக் கழற்றினார், மறுபடி வைத்தார்.

"அப்போ கதவைத் தட்டறது யாருன்னு நீங்கதான் சொல்லப் போறீங்களா?"

ஓட்டுநர் விழித்தான். நீலச் சால்வை அம்மா அவனைப் பார்த்தார், கேமராக்காரரும் கேமராவை இறக்கிவிட்டுப் பார்த்தார். அவன் பேசுவதற்குள் தொப்பிக்காரரே ஆரம்பித்துவிட்டார்.

"அவங்க சொல்றது இதுதான். அண்ணன் தம்பி ரெண்டு பேரு. பாகப் பிரிவினையில சண்டை. மேல்மாடி அண்ணனுக்கு, படி தம்பிக்கு. தம்பி ஒருநாள் படியை இடிச்சுத் தள்ளிட்டான். அண்ணனும் விடலை. மாடியிலயே இருந்தான், கூடையைக் கயித்துல இறக்கிக் காலம் தள்ளினான். ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகும் பனி விழுற காலத்துல கதவு தட்டற சத்தம் கேக்குது. தம்பிதான். மன்னிப்புக் கேக்க வந்துட்டான், ஏறத்தான் வழியில்லை." ஒவ்வொரு வார்த்தையையும் கண்ணாடிச் சாமான் போல எடுத்து வைத்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "எல்லாம் கட்டுக்கதை. அது தானிய மூட்டை ஏத்தற கதவு. காத்துல ஆடுது. அவ்வளவுதான்."

பதினோரு வருடமாக ஓட்டுநர் காத்திருந்த முடிவு இது. கேட்ட பிறகு சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது, ஆனால் முடியவில்லை.

கூட்டத்தை நகர்த்திக்கொண்டு நாலு வீடு தாண்டியிருப்பான், பின்னால் காலடிச் சத்தம். தொப்பிக்காரர் தன் கூட்டத்தை நிற்க வைத்துவிட்டு ஓடி வந்திருந்தார். மூச்சு வாங்கியது.

"காய்ச்சல் அதிகமா?"

"ஏன், நீங்க டாக்டரா?"

"இல்ல... டாக்டர்கிட்டக் காட்டினாங்களா? எதுவும் குடிச்சாங்களா?"

நக்கல் செய்கிறான் என்றே ஓட்டுநர் நினைத்தான். "எல்லாம் காட்டியாச்சு. நாளைக்கு வந்துடுவாங்க, நீங்க சண்டைக்கு ரெடியா இருங்க."

"நாளைக்கா? சரி, சரி" என்றார் அவர். முகத்தில் இருந்த இறுக்கம் தளர்ந்தது. திரும்பி நடந்தார்.

நீலச் சால்வை அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த திருப்பத்தில் ஓட்டுநரின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, நீங்க எங்களுக்கு ஊரைக் காட்டறீங்களா, இல்ல யாரையாவது தேடறீங்களா?"

அவன் சொல்லிவிட்டான். தெருவில் நின்று, குடையைப் பிடித்தபடி, ஐந்தே முக்கால் போன்கால், இரண்டு பேர் சாப்பாடு, ஐந்து மணி, எல்லாவற்றையும். ஐந்து மணிக்குள் இறங்க வேண்டுமென்றால் ஒன்றரைக்காவது வண்டியை எடுக்க வேண்டும் என்றும் சொன்னான். அந்த அம்மா சால்வையை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, பள்ளிக்கூடத்தில் குரல் பழகியவரைப் போல, தெளிவாக எடுத்துச் சொன்னார். கேமராக்காரர் மட்டும், "கோட்டை பார்க்கலையே" என்று தொடங்கினார்.

"கோட்டை எங்கயும் ஓடிப்போகாது" என்றார் அம்மா. கேமராக்காரர் லென்ஸுக்கு மூடியைப் போட்டார்.

அதன்பின் எல்லோருமே தேடினார்கள். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து கடை கடையாகக் கேட்டார்கள். எல்லோருக்கும் கிடைத்தது சாவியும் கிணறும் புகைப்பட அனுமதியும்தான். தெருவே விருந்தாளிகளுக்கு என்று ஒரு முகத்தை வைத்துக்கொண்டு, அதை மட்டும் காட்டியது.

ஒரு மணி ஆயிற்று. சதுக்கத்தின் ஓரத்தில் ஒரு ரொட்டிக் கடை. ஓட்டுநர் உள்ளே போகப் பார்த்தான். வாசல் குறுகல், குடைக் கம்பி நிலையில் மாட்டிக்கொண்டது. இரண்டு முறை இழுத்தான், வரவில்லை. கை ஓய்ந்துபோய்க் குடையை மடக்கினான். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தான்.

ரொட்டிக்காரப் பெண் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே வெளியே ஓடி வந்தாள். "இப்போ சொல்லுங்க. அவங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஏன், இவ்வளவு நேரம் கேட்டா சொல்ல மாட்டீங்க, இப்போ மட்டும் கேப்பீங்களா?"

"குடை விரிச்சிருந்துச்சே!" என்றாள் அவள், குழந்தைக்குச் சொல்வது போல. "விரிச்சிருந்தா வேலை நேரம். அவங்களே வெச்ச சட்டம் அது. முன்னே ஒரு கூட்டம் அவங்க சொந்த விஷயத்தையெல்லாம் எங்ககிட்டக் கிண்டிக் கிளறிக் கேட்டுச்சு. அதிலேர்ந்து குடை விரிஞ்சிருக்கற வரைக்கும் யாரும் ஊர்ப் பேச்சோ வீட்டுப் பேச்சோ பேசக்கூடாது, வந்தவங்களுக்கு வேண்டியதை மட்டும் சொல்லணும். மத்தியானம் இங்க வந்து மடக்குவாங்க. மடக்கிட்டா எங்க ஆளு."

பதினோரு வருடமும் வண்டிக்கு வெளியே அவன் அந்தக் குடையை விரித்த கோலத்தில்தான் பார்த்திருக்கிறான். அவள் மேலே போகும்போதும் விரித்திருப்பாள், இறங்கும்போதும் விரித்திருப்பாள். காலையிலிருந்து தேடி வந்ததைத் தானே தூக்கிப் பிடித்து மறைத்துக்கொண்டு நடந்திருக்கிறான்.

"மடக்கிட்டு எங்க போவாங்க?" என்றான்.

அவள் எதிர்ப்பக்கம் கை காட்டினாள். பூட்டுக் கடைக்கு மேலே ஒரு மாடிப்படி. "வேற எங்க? தொப்பி வீட்டுக்குத்தான்."

ஓட்டுநர் படியிலிருந்து எழுந்தான்.

"அவரா? அவங்க ரெண்டு பேரும் அடிச்சுக்காத குறையா..."

"அது குடைக்குக் கீழே. சண்டை போட்டாத்தானே வந்தவங்க நின்னு கேப்பாங்க? இன்னைக்கு என்ன சண்டைன்னு முந்தின நாளே உட்கார்ந்து பேசி வெச்சுக்குவாங்க."

அவன் விஷயத்தைச் சொன்னான். ரொட்டிக்காரப் பெண் மாவுக் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "அவர் காலையிலேர்ந்து எங்ககிட்டக் காய்ச்சல், காய்ச்சல்னு சொல்லிட்டிருந்தாரே" என்றாள்.

மெதுவாக மாடிப்படி ஏறினான். இரண்டு முறை பொய் சொல்லியிருக்கிறான். அதிலும் இரண்டாவது பொய்யை அந்த மனிதர் எப்படி வாங்கிக்கொண்டு போனார் என்பது கண்ணிலேயே நின்றது. கதவு திறந்திருந்தது. சின்ன அறை. ஜன்னலோரம் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. ஒரு தட்டில் இரண்டு அவித்த முட்டை, வெட்டிய தக்காளி. இன்று தானே சமாளிக்க வேண்டியதாயிற்றே என்பது போல எல்லாம் கோணல் மாணலாக வெட்டப்பட்டிருந்தது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். தொப்பி இல்லாமல் பத்து வயது கூடியவராகத் தெரிந்தார்.

"வாங்க டிரைவர்" என்றார். காலையில் கேட்ட குரல் இல்லை இது. "உங்களை நல்லாத் தெரியும். இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கற வண்டி உங்களோடதுதானே? உட்காருங்க. நாளைக்கு அவங்க வரும்போது இதை..." அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"அய்யா, நான் பொய் சொல்லிட்டேன்" என்றான் ஓட்டுநர்.

அவர் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அக்கா விடியக்காலையில தூக்கத்துலயே போயிட்டாங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுக்கறாங்க. உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க."

அவர் தக்காளித் தட்டை மேசையின் நடுவே நகர்த்தி வைத்தார். பிறகு, "என்னையா? யாரு சொன்னாங்க?" என்றார்.

"சின்னக்கா. அவங்க தங்கச்சி. ஆனா ஆளு யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. சாப்பாட்டை வெச்சுத்தான் யாரோ இருக்காங்கன்னு..."

"தெரியாது. ஆமா, தெரியாது." தலையை ஆட்டினார். "ஞாயித்துக்கிழமைதான் சொல்றதா இருந்துச்சு. எட்டு வருஷமா இந்த ஞாயித்துக்கிழமை, அடுத்த ஞாயித்துக்கிழமைன்னு தள்ளிட்டே வந்தாங்க. ஊர்ல சிரிப்பாங்களாம் இந்த வயசுலன்னு. நான்தான் விடலை. வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து தங்கச்சிகிட்ட நானே பேசறேன்னு சொல்லிட்டேன். அதுக்குத்தான் என் அண்ணனோட கோட்டு ஒண்ணை எடுத்து..." ஜன்னல் பக்கம் கை நீட்டினார். நாற்காலி முதுகில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கியது. "அவர் என்னைவிடப் பெரிய உடம்பு. அவங்கதான் பிடிச்சுத் தைச்சிட்டிருந்தாங்க, மத்தியானத்துல கொஞ்சம் கொஞ்சமா."

எழுந்து முகம் கழுவினார். கோட்டைப் போட்டுக்கொண்டார். தொப்பி ஆணியிலேயே இருந்தது. கீழே ரொட்டிக்காரப் பெண் நின்றிருந்தாள். மத்தியானக் கூட்டம் வந்தால் இன்று கதை இல்லை என்று சொல்லச் சொன்னார். அவள் ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணித்தாள். செருப்புத் தைக்கிறவரும் பூட்டுக் கடைக்காரரும் வெளியே வந்து ஊர்வாசல் வரை கூடவே நடந்தார்கள்.

பேருந்தில் நீலச் சால்வை அம்மா எழுந்து முதல் இருக்கையைக் கொடுத்தார். அவர் வேண்டாம் என்றார், அம்மா விடவில்லை. பத்து வளைவு இறங்கினார்கள். பிறகு கேமராக்காரர்தான், தயங்கித் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்க. அந்தக் கதவு... நிஜத்துல எதுக்கு வெச்சது?" என்று கேட்டார். அவர் மனைவி திரும்பி முறைத்தார்.

"கேக்கட்டும்மா. அவங்க இருந்தா இதைத்தான் விரும்புவாங்க" என்றார் தொப்பிக்காரர். "யாருக்கும் தெரியாது சார். அவங்க சொன்னதும் இட்டுக்கட்டினது, நான் சொல்றதும் இட்டுக்கட்டினது. ரெண்டையும் அந்த மேசையில உட்கார்ந்துதான் செஞ்சோம். உள்ளே ஒருநாள் ஏறிப் பார்க்கலாம்னு சொல்லிட்டே இருப்பாங்க. ஏணி கிடைக்கலை."

ஓட்டுநர் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பாதையில் இறங்கி வருவதே அவருக்கு எத்தனை வருடத்துக்குப் பிறகோ. ஒவ்வொரு வளைவையும் திரும்பிப் பார்த்தார். இந்த இடத்தில் அவள் எதைச் சொல்வாள் என்று கேட்டார். ஓட்டுநர் சொன்னான். அவள் பேருந்தில் தொடங்கும் விதத்தை அவர் கேட்டதே இல்லை, முடிவுகளை மட்டும்தான் கேட்டிருக்கிறார். மலை இறங்கி முடியும் வரை ஒருவர் தொடங்க, ஒருவர் முடிக்க, பின்னால் எல்லோரும் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருந்தது. தெருமுனையில் பேருந்தை நிறுத்தினான். வீட்டுக்கு வெளியே நாற்காலிகள், ஆட்கள். வாசலில் சின்னக்கா. பேருந்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கறுப்புக் கோட்டில் அவரைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. ஓட்டுநர் ஏதோ சொல்ல வந்தான், அவள் கையமர்த்தினாள்.

"சாப்பிட்டீங்களா?" என்று அவரிடம் கேட்டாள்.

"இல்லம்மா."

"வாங்க. அக்கா உள்ளே இருக்கா."

கேட்க மாட்டேன் என்று சொன்ன எதையும் அவள் கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போகும்போது அவள் விரலில் எதுவோ குத்தியது. குனிந்து பார்த்தாள். கோட்டின் வலது கை மடித்து, சின்னச் சின்னத் தையலாகப் போட்டு முடிக்கப்பட்டிருந்தது. இடது கை மடிப்பு நான்கு குண்டூசிகளில் நின்றது.